தாய்மரம் போனால் ரகமும் போகும்

‘காஷ்மீர் குவின்ஸ் விதை எங்கே கிடைக்கும்?’, ‘இஸ்பஹான் குவின்ஸ் கன்று வாங்க முடியுமா?’ என்று மலைப்பகுதி விவசாயிகள் அவ்வப்போது கேட்கிறார்கள். கேள்வி சிறியதுதான். ஆனால், பதில் தேடிப் போனால், நம் நாட்டுப் பழக்கன்று உற்பத்தியில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது.

குவின்ஸுக்குத் தமிழில் சீமை மாதுளை என்று பெயர். ஆனால் மாதுளைக்கும் இதற்கும் உறவில்லை. ஆப்பிள், பேரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. மணம் மிகுந்த மஞ்சள் பழம். பச்சையாகத் தின்றால் துவர்க்கும், சமைத்தால் சுவைக்கும். காஷ்மீரில் இதைக் கத்தரிக்காயுடன் சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். உலர்ந்த விதை ‘பேஹிதானா’ என்ற பெயரில் யுனானி மருந்துக்குப் போகிறது. ஆனாலும் ஆப்பிள் தரும் வருமானத்தை இது தருவதில்லை. அதனால், பழைய குவின்ஸ் மரங்களை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஆப்பிள் நடுகிறார்கள்.

விதை ஏன் உதவாது?

மருந்துக்கடை விதையை வாங்கி விதைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஈர மணலில் கலந்து, சுமார் மூன்று மாதம் 4 முதல் 5 டிகிரி குளிரில் வைத்தால் நல்ல விதை முளைக்கும். ஆனால், முளைப்பது தாயின் ரகமாக இருக்காது. ஆப்பிள், மா போலவே குவின்ஸிலும் ஒவ்வொரு விதைக்கன்றும் தனி ரகம். பழத்தின் அளவு, துவர்ப்பு, காய்க்கும் காலம் எல்லாம் மாறும். அதைத் தெரிந்துகொள்ளவே சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ரகம் மாறாமல் வேண்டுமென்றால், பெயர் உறுதியான தாய்மரத்தின் குச்சிதான் வழி. மரம் இலை உதிர்த்து உறங்கும் பருவத்தில் எடுத்த முதிர்ந்த குச்சி, மண் அணைத்துப் போடும் பதியம், ஒட்டு ஆகிய மூன்று முறையிலும் குவின்ஸ் எளிதாக வரும். ஆக, சிக்கல் கன்று உற்பத்தியில் இல்லை; தாய்மரத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

பெயர்க் குழப்பமும் உண்டு. ‘குவின்ஸ் ஏ’, ‘குவின்ஸ் சி’ என்பவை பேரி மரத்தைக் குட்டையாக வளர்க்கப் பயன்படும் வேர்ச்செடிகள்; பழத்துக்காகத் தேர்ந்தெடுத்தவை அல்ல. ‘ஜப்பான் குவின்ஸ்’ என்பது அழகுச்செடி, வேறு இனம். நம் வில்வத்துக்கும் ஆங்கிலத்தில் ‘வங்காள குவின்ஸ்’ என்ற பெயர் உண்டு. பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டினால் இவற்றில் எதுவும் வந்து சேரலாம்.

வெளிநாட்டுக் குச்சி

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், கார்வாலிஸ் நகரில் உள்ள அரசு மரபுவளக் காப்பகம் பல நாட்டுக் குவின்ஸ் ரகங்களை மரமாகவே வளர்த்துக் காக்கிறது. ஆனால், தெரிந்தவர் மூலம் அங்கிருந்து குச்சியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது பெரும் ஆபத்து. ‘தீக்கருகல்’ எனும் பாக்டீரியா நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் மரங்களில் குவின்ஸ் ஒன்று. அமெரிக்காவில் தோன்றிய அந்நோய் 1957-ல் இங்கிலாந்தையும், 2015-ல் தென்கொரியாவையும் எட்டியது. அது காஷ்மீருக்குள் நுழைந்தால் ஆப்பிளும் பேரியும் தப்பாது. நமக்கும் பழைய பாடம் உண்டு: ஆப்பிளைத் தாக்கும் கம்பளி அசுவினி, 1889-ல் இங்கிலாந்துக் கன்றுகளோடு குன்னூரில்தான் இறங்கியது. இறக்குமதி அனுமதி, நோயின்மைச் சான்று, தனிமைக் கண்காணிப்பு ஆகியவற்றைத் தாண்டி வரும் குச்சியே பாதுகாப்பானது.

சிறிய பயிருக்கு யார் பொறுப்பு?

நோயற்ற கன்றுகளுக்காக மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ரூ.1,765.67 கோடி மதிப்பிலான ‘தூய்மைக் கன்று’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுவதும் ஒன்பது மையங்கள் அமைகின்றன. ஆப்பிள், வாதுமை, அக்ரூட் போன்ற குளிர்ப்பகுதிப் பயிர்களுக்கு ஸ்ரீநகரிலும் முக்தேஷ்வரிலும் உள்ள மத்திய குளிர்மண்டலத் தோட்டக்கலை நிறுவனம் பொறுப்பு.

நல்ல திட்டம். ஆனால், ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்கும் ஆப்பிள் கன்றுக்குத்தான் மையமும் நர்சரியும் முதலிடம் தரும். சில நூறு கன்று மட்டுமே விற்கும் ரகத்துக்குத் தாய்மரம் பராமரிக்க எந்த நர்சரிக்கும் கட்டுப்படியாகாது. கன்று கிடைக்காததால் யாரும் நடுவதில்லை. யாரும் நடாததால் கன்று போட ஆளில்லை. இந்தச் சுழலைச் சந்தை உடைக்காது. பொது நிதிதான் உடைக்க வேண்டும்.

அது முடியும் என்பதற்கு விருப்பாட்சி வாழையே சாட்சி. கீழ்ப்பழனி மலையில் முடிக்கொத்து நோயால் அழிந்துவந்த இந்த ரகத்துக்கு, வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளால்தான் மறுவாழ்வு கிடைத்தது. உள்ளூர் ரகமாயிற்றே என்று விட்டிருந்தால் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

எனவே, ஒவ்வொரு தூய்மைக் கன்று மையமும் தன் இடத்தில் ஒரு சிறு பகுதியை அரிய ரகங்களுக்கு ஒதுக்க வேண்டும். மரங்கள் வெட்டப்படும் முன் குச்சி சேகரிக்க வேண்டும். தாய்மரம் வைத்திருக்கும் விவசாயிக்குப் பராமரிப்புத் தொகை தரலாம். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001-ன்படி, அரசிதழில் அறிவிக்கப்பட்ட பயிர்களில் உழவர் ரகத்தை அவர் பெயரிலேயே பதியவும் வழியுண்டு.

நீலகிரி, கொடைக்கானல் விவசாயிகள் குவின்ஸை முயன்று பார்க்க விரும்பினால், முதலில் நான்கைந்து கன்றுகள் போதும். வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தாய்மரம் எந்த ஊரில், யாரிடம் இருக்கிறது? கன்று விதையில் வந்ததா, குச்சியில் வந்ததா? ஒட்டு என்றால் வேர்ச்செடி எது? பதில் சொல்லாத நர்சரியிடம் வாங்காதீர்கள்.

உங்கள் ஊரில் பெயர் தெரியாத பழைய பழமரம் ஏதாவது இருந்தால், வெட்டும் முன் தோட்டக்கலை அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ரகத்தின் கடைசி மரமாக அது இருக்கலாம்.