தட்டத்தில இருக்கிறதும் பாக்குத்தான்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் மாவா பிடிபட்டது என்று ஒரு செய்தி வந்தால் போதும், முகநூலில் ஒரே ஒப்பாரி. "பெடியள் கெட்டுப்போச்சுதுகள்", "எங்கட காலத்தில இப்பிடியே இருந்தது?" அதே வாரம் ஒரு கலியாணவீட்டுக்குப் போனால் வாசலிலேயே வெத்திலைத் தட்டம். அதிலிருந்து சீவலை அள்ளி வாயில் போட்டபடிதான் பெரியாக்கள் பெடியளைத் திட்டுகிறார்கள்.

மாவாவில் என்ன இருக்கு? பாக்கு, போயிலை, சுண்ணாம்பு. அம்மம்மாவின் வெத்திலை உரலில் இடிபடுவது என்ன? பாக்கு, சுண்ணாம்பு, வெத்திலை, கூட ஒரு துண்டு போயிலை. ஒன்று பொலித்தீன் பையில் ஒளித்து விற்கப்படுகிறது. மற்றது பித்தளைத் தட்டத்தில் மரியாதையாக நீட்டப்படுகிறது. மாவா விற்கிறவனுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வாய்க்குப் பையும் தட்டமும் ஒன்றுதான்.

"போயிலை போடாட்டி ஒண்டும் செய்யாது" என்பதுதான் எல்லாரும் சொல்கிற நியாயம். அது பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், போயிலை சேராத வெத்திலைக் கூட்டும் வாய்ப் புற்றுநோயைத் தரும் என்றது. வெறும் பாக்கையே முதலாம் வகுப்புப் புற்றுக்காரணி என்றும் வகைப்படுத்தியது. சிகரெட் புகை இருக்கிற அதே வகுப்பு.

பாக்கில் இருக்கிற அரெக்கோலின்தான் உடம்பைச் சூடாக்குகிறது, நித்திரையை முறிக்கிறது, எச்சிலை ஊறவைக்கிறது. "செமிபாட்டுக்கு நல்லது" என்ற பேச்சின் அடி இதுதான். "பூச்சிக்கு நல்லது" என்பதிலும் ஒரு துளி உண்மை உண்டு: ஒருகாலத்தில் நாய்களின் வயிற்றுப் புழுவுக்கு மிருக வைத்தியர்கள் அரெக்கோலின் கொடுத்தார்கள். அதுக்காக மனிசர் நாள் முழுக்கச் சப்ப வேணுமா?

அதே பாக்கு கன்னத்தின் உட்சதையை நார்நாராக இறுக்குகிறது. முதலில் உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரியும். பிறகு கன்னம் வெளிறி விறைக்கும். பிறகு வாய் திறக்காது. சப்புறதை விட்டாலும் இறுகின சதை பழையபடி இளகாது. கேரளத்தின் எறணாகுளத்தில் இந்த நோய் வந்த 66 பேரை 17 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 1985இல் வெளிவந்தது. அவர்களில் 7.6 வீதமானோருக்குப் புற்றுநோய் வந்திருந்தது.

இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்கள். நாடே அள்ளிக் கொடுத்தது. நாங்களோ அந்த வைத்தியசாலைக்குக் கூப்பிடுதூரத்துக் கலியாணவீட்டிலும் சீவலை நீட்டுகிறோம்.

சட்டமும் அரைக்கண்ணால்தான் பார்க்கிறது. 2016 செப்டெம்பரில் போயிலை சேர்ந்த மெல்லும் பொருட்களை அரசு தடைசெய்தது. நல்லது. ஆனால் போயிலை இல்லாத பாக்கு அந்தத் தடைக்கு வெளியே நிற்கிறது. ஒரு பிள்ளை முதலில் பழகுவது அந்த இனிப்புப் பாக்கில்தான்.

இதைச் சொன்னால் "பண்பாட்டில கை வைக்கிறியளோ?" என்று கேட்பார்கள். இல்லை. தட்டம் இருக்கட்டும். வெத்திலை, மஞ்சள், பழம், கற்கண்டு எல்லாம் இருக்கட்டும். மங்கலத்துக்கு ஒரு முழுக் கொட்டைப்பாக்கும் இருக்கட்டும், அதை ஆரும் கடிக்கப் போறதில்லை. வேண்டாம் என்பது சீவலைத்தான். மரியாதை கைகூப்புவதிலும் "வாங்கோ" என்பதிலும் இருக்கிறது, சீவலில் இல்லை.

இரவு கடலுக்குப் போறவர் நித்திரை முறிக்கச் சப்புகிறார். தோட்டக் கூலிக்குப் போற அக்கா பசி தெரியாமல் இருக்கச் சப்புகிறா. அவர்களைத் திட்ட எங்களுக்கு உரிமையில்லை. அவர்களுக்கு வேண்டியது பேச்சில்லை, பரிசோதனை. தைவானில் வெத்திலை சப்புவோருக்கு 30 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இலவச வாய்ப் பரிசோதனை நடக்கிறது. எங்கட இறங்குதுறைக்கும் தோட்டவெளிக்கும் பல் வைத்தியர் வர ஏன் இயலாது? இதை மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்கவேண்டியது நாங்கள்தான்.

அதுவரைக்கும் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். அப்பாவை, அம்மம்மாவைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, தங்கட மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கோ. விரல் போகாவிட்டாலோ, உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தாலோ, இரண்டு கிழமையாக ஆறாத புண் இருந்தாலோ, அடுத்த நாளே ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மாவாக்காரனைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும். தட்டத்தைப் பார்க்க வேண்டியது நாங்கள்.