லைசென்ஸுக்கு அப்பால்

ஹைதராபாத் வீதிகளில் போலீஸார் வண்டியை நிறுத்துவது புதிதல்ல. லைசென்ஸைக் கேட்கிறார்கள்; ஆர்.சி.யைக் கேட்கிறார்கள், பாக்கி சலானைக் கட்டச் சொல்கிறார்கள். இதற்கு முகம் சுளிப்பதில் நியாயமில்லை. சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130வது பிரிவு விதிக்கிறது. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்.

வில்லங்கம் அதற்கு மேல் போகும்போதுதான். 2021 அக்டோபரில், கஞ்சா வேட்டை என்ற பெயரில், வழியோடு போனவர்களை நிறுத்தி, அவர்களது செல்போனை வாங்கி, வாட்ஸப்பில் 'கஞ்சா' என்ற சொல் தென்படுகிறதா என்று போலீஸார் தேடினார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள் என்று சமாதானமும் கூறப்பட்டது. லத்தியும் கையுமாக நான்கு பேர் சூழ்ந்து நிற்கையில் மனமுவந்து போனைக் கொடுப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

அதே ஆண்டு மே மாதம், ஊரடங்கின்போது எஸ்.க்யூ. மசூத் என்ற சமூக ஊழியரை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தும் படம் எடுத்துக்கொண்டார்கள். தெலங்கானா போலீஸாரின் 'டி.எஸ்.காப்' செயலியில் முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வசதி 2018லேயே சேர்க்கப்பட்டிருந்தது. மசூத் தொடுத்த பொதுநல வழக்கில் 2022 ஜனவரியில் தெலங்கானா ஹைகோர்ட் சர்க்காருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். பிடிக்கத்தான் வேண்டும். சங்கிலி பறித்தவனை விட்டுவிடும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் இன்னார் மீது இன்ன சந்தேகம் என்றில்லாமல், வந்தவர் போனவர் எல்லாருடைய பூர்வோத்தரத்தையும் துழாவுவது வேறு சங்கதி. கைரேகை, புகைப்படம் எடுப்பது பற்றிய 2022ஆம் ஆண்டுச் சட்டம்கூடத் தண்டனை பெற்றவர், கைதானவர் போன்றோரைத்தான் பேசுகிறது. சிக்னலில் நிற்பவரை அல்ல.

1962இல் கரக் சிங் வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையல்ல என்று சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அதற்கு மாறாக எழுதியவர்களில் முக்கியமானவர் நீதிபதி சுப்பா ராவ். சென்னையில் வக்கீலாக இருந்து, ஆந்திர ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இதே ஹைதராபாத்தில் அமர்ந்தவர் அவர். 55 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 24இல், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அந்தரங்கத்தில் தலையிடச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், அளவு மீறக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிழைக்க வந்தவனுக்கு இதில் அக்கறை கூடுதல். டி.என். நம்பர் வண்டி, தடுமாறும் தெலுங்கு. இவையே சில கண்களுக்குச் சந்தேகமாகிவிடக்கூடும். காகிதங்களைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. போனைக் கேட்டால், எந்தச் சட்டப்படி என்று மரியாதையாக வினவுவது குற்றமல்ல. கைது என்று வந்துவிட்டால், காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22வது ஷரத்து. அந்தக் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தர வேண்டுமென்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்த மேஸ்திரிக்குத் தமிழில் என்று பொருள்.

வண்டியை நிறுத்தும் போலீஸார் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைத் தெலங்கானா போலீஸ் தலைமை எழுத்து வடிவில் உத்தரவாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும், தெலுங்கு, உருதுவோடு வெளிமாநிலத் தொழிலாளர் படிக்கும் மொழிகளிலும் அதை ஒட்டி வைக்க வேண்டும்.