டங்ஸ்டனைத் தடுத்தவர்கள் பருவநிலைக்கு எதிரிகளா?

கேள்வி: மேலூர் பக்கம் இரண்டு ஏக்கர் நெல்லும் கொஞ்சம் தோட்டமும் வைத்திருக்கிறேன். என் மகன் இன்ஜினீயரிங் படித்துவிட்டு கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். ‘உலகம் சூடாகுதுன்னு புலம்புறீங்க. அதைச் சரிபண்ணத் தேவையான கனிமத்தைத் தோண்ட வந்தா, ஊரே திரண்டு விரட்டுறீங்க. இது என்னப்பா நியாயம்?’ என்கிறான். என் அண்ணனோ, ‘பருவநிலை மாற்றமே கட்டுக்கதை. பஞ்சம் எந்தக் காலத்துல இல்ல?’ என்கிறார். பொங்கலுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. இதில் யார் சொல்வது சரி? நின்றுபோன சுரங்கம் மறுபடியும் வருமா?

- மேலூர் வட்டத்து வாசகர்

பதில்: முதலில் பெரியவரின் பேச்சை எடுத்துக்கொள்ளலாம். பஞ்சம் எப்போதும் இருந்தது என்று அவர் சொல்வது உண்மைதான். 1876-78 தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையைப் புரட்டிப் போட்டது. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் வைகைக்குத் திரும்பியதற்கு அந்தப் பஞ்சமும் ஒரு காரணம். மேலூர் வயல்களுக்கு இன்று பெரியாறு கால்வாயில் வரும் தண்ணீர் அந்த வழியில் வந்ததுதான். ஒரு வருஷம் மழை பொய்த்தால் அதை உடனே பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது தவறு.

ஆனால், எப்போதும் இருந்தது என்பதற்காக இப்போது எதுவும் மாறவில்லை என்று ஆகிவிடாது. ஆலைகள் பெருகுவதற்கு முன்பு, காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஆலைக் காலத்துக்கு முந்தைய சராசரியைவிட உலக வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு 2024. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிடித்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டவும் செய்யும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை நூறாண்டுகளில் காணாத அளவுக்குப் பொய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 அக்டோபரில் சில மணி நேர மழைக்கே மதுரை செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. செல்லூரில் கண்மாயும் வாய்க்காலும் சுருங்கிப்போனதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மொத்தப் போக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதில் விஞ்ஞானிகளிடம் பெரிய சண்டை இல்லை.

பெரியவரின் சந்தேகத்துக்குப் பின்னால் வேறொரு கோபம் இருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. ஆண்டுக்கு ஓர் இந்தியரின் கணக்கில் வெளியாகும் கரியமில வாயு சுமார் 2 டன். ஓர் அமெரிக்கரின் கணக்கில் அது சுமார் 14 டன். புகைத்தவர் ஒருவர், இருமுகிறவர் இன்னொருவர். அதற்காக நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாதல்லவா?

இனி மகனின் கேள்வி. இதுதான் சிக்கலானது.

டங்ஸ்டன் விவசாயிக்கு அந்நியமான பொருள் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து போர் போடும்போது, கருங்கல்லைக் குடையும் பிட்டின் முகத்தில் பொத்தான் பொத்தானாகப் பதித்திருப்பார்களே, அவை டங்ஸ்டன் கார்பைடு. 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும் உலோகம் அது. லேத் பட்டறையின் வெட்டுளி, பழைய குண்டு பல்பின் இழை, பீரங்கிக் குண்டு எல்லாவற்றிலும் இருக்கிறது. உலக உற்பத்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிடம் இருப்பதால், சொந்த மண்ணில் கிடைக்காதா என்று இந்தியா தேடுகிறது. அந்தத் தேடலைத் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால், காற்றாலைக்கும் சூரிய மின் தகட்டுக்கும் மின்சார வண்டிக்கும் கனிமம் தேவை என்ற வாதம் லித்தியம், கோபால்ட், அரிய மண் தனிமங்களுக்குப் பொருந்துகிற அளவுக்கு டங்ஸ்டனுக்குப் பொருந்தாது. அதன் பெரும்பகுதி வெட்டும் கருவிகளுக்கும், ஒரு பகுதி ராணுவத் தேவைக்கும் போகிறது. 2023-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், 24 கனிமங்களை ஒரே பட்டியலில் சேர்த்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது. ஒரே பட்டியலில் இருப்பதால் எல்லாமே ‘பசுமைக் கனிமம்’ ஆகிவிடாது. இதைத் தம்பிக்கு எடுத்துச் சொல்லலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. பெரும்பாலான சுரங்கங்களில் டங்ஸ்டன் தாதுவின் செறிவு ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. ஒரு டன் பாறையை உடைத்து மாவாக்கினால் கிடைப்பது சில கிலோ. மீதி எல்லாம் கழிவு. அதை ஊர்ப் பக்கத்தில்தான் கொட்ட வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும் திறந்தவெளிச் சுரங்கம் என்றால், குழிக்குள் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது பக்கத்துக் கிணறுகளை என்ன செய்யும் என்று கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு குன்றுகள். அவற்றிலிருந்து வழியும் தண்ணீரில் 72 ஏரி, கண்மாய்களும் 200 சுனைகளும் உயிர் வாழ்வதாக அரசு அறிவிப்பே சொல்கிறது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய் அங்கேதான் இருக்கிறது. லகர் வல்லூறு, ராஜாளி, தேவாங்கு, எறும்புத்தின்னி, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழிக் கல்வெட்டு எல்லாம் சேர்ந்துதான் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அந்த இடம் அறிவிக்கப்பட்டது. மழை மாதக்கணக்கில் வராமல் இருந்து, பிறகு ஒரே நாளில் கொட்டும் காலத்தில், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க மேலூர்ப் பக்கம் இருக்கும் ஏற்பாடு குன்றும் வரத்துக்கால்வாயும் கண்மாயும்தான். அப்படிப் பார்த்தால், மலையைக் காத்தவர்கள் செய்ததும் பருவநிலைக்கான வேலையே. அதற்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேரை மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்துக்கு விட்டது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பர் 7-ல் அறிவிப்பு வந்தது. டிசம்பர் 9-ல் ஏலத்தை ரத்து செய்யக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. ஏலம் நடந்த மாதங்களில் மாநில அரசு எதிர்ப்புச் சொல்லவில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபரிலேயே கடிதம் எழுதினோம் என்றது மாநில அரசு. அந்த வழக்கைக் கட்சிக்காரர்கள் தேர்தல் மேடைகளில் பேசிக்கொள்ளட்டும்.

ஊர் ஏன் அவ்வளவு வேகமாகத் திரண்டது என்பதை மகன் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். மேலூர் வட்டாரம் கிரானைட் குவாரிகளைப் பார்த்த பூமி. மலைகள் குழிகளானதையும் கண்மாய்களும் வாய்க்கால்களும் மூடப்பட்டதையும் கண்ணால் கண்ட பூமி. அந்த முறைகேட்டை விசாரிக்க 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் உ.சகாயத்தைச் சிறப்பு அதிகாரியாக நியமித்தது ஊரறிந்த கதை. ஏலம் எடுத்தது எந்தக் குழுமம் என்று தெரிந்ததும் 2018 மே மாதத்துத் தூத்துக்குடியும், துப்பாக்கிச்சூட்டில் செத்த 13 பேரும் நினைவுக்கு வராமல் இருப்பார்களா? வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் கிளம்பவில்லை. எழுதிக் கொடுக்கும் நிபந்தனைகள் குழிக்குள் இறங்கிய பிறகு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுரங்கம் திரும்ப வருமா? ரத்தானது அந்த ஒரு தொகுதியின் ஏலம். கனிமம் பூமிக்கடியில் அப்படியே இருக்கிறது. சட்டப் பட்டியலிலும் இருக்கிறது. புதிதாக ஏலம் விட வேண்டுமானால் புதிய அறிவிப்பு வர வேண்டும். மூன்று விஷயங்களை மட்டும் மறக்கக் கூடாது.

பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது சுமார் 193 ஹெக்டேர் மட்டுமே. அதாவது, ஏலம் விட்ட பரப்பில் பத்தில் ஒரு பங்கு. 2024 டிசம்பரில் மத்திய அரசு சொன்ன முதல் யோசனையே, அந்த 193-ஐ மட்டும் விலக்கி எல்லையை மறுபடி வரையலாம் என்பதுதான். மீதி ஊர்களுக்கு அந்தக் கவசம் இல்லை.

டெல்டாவில் இருப்பதுபோல மதுரைக்கு இல்லை என்பது அடுத்தது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. அதை நம்பி மேலூரில் உட்கார முடியாது.

கடைசியாகச் சொல்வதுதான் பலருக்குத் தெரியவில்லை. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது வழக்கம். முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு அது தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. டங்ஸ்டனும் அந்த வகையில் வரும். அடுத்த முறை கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், கூட்டமே இருக்காது.

ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-ல் கிராம சபைகள் வாக்களித்துச் சுரங்கத்தைத் தடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே வன உரிமைச் சட்டத்தின் பலம் இருந்தது. மேலூர்க் கிராம சபைத் தீர்மானத்துக்குத் தானாக அந்தப் பலம் கிடையாது. ஆனால் அது அரசு ஆவணம், நீதிமன்றத்தில் காட்டலாம். ‘சுரங்கம் வேண்டாம்’ என்று ஒரு வரியில் எழுதாமல், எந்தச் சர்வே எண்ணில் எந்தக் கண்மாய், அதன் ஆயக்கட்டு எவ்வளவு, வரத்து எந்தக் குன்றிலிருந்து, எத்தனை கிணறு என்று எழுதினால் அதற்குக் கனம் கூடும். ‘அ’ பதிவேட்டு நகலும் கிராம வரைபடமும் வாங்கி ஊரில் ஒரு கோப்பாக வைத்திருங்கள்.

2002-ம் வருஷத்து உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் இந்தக் குழு பெயரளவுக்குத்தான் இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் யார் உறுப்பினர், பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அரிட்டாபட்டி மாதிரி இன்னொரு குன்றையும் பாரம்பரியத் தலமாக்க நினைத்தால் அந்தப் பதிவேடு கைகொடுக்கும். பாறைப் பள்ளத்தில் எந்த மாதம் என்ன பறவை கூடு கட்டும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்பதை ஆடு மேய்க்கிறவர்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும்.

மகனுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். தண்ணீர் தேங்கியே நிற்கும் நெல் வயலிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. அதுவும் பூமியைச் சூடாக்குகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது குறையும், தண்ணீரும் மிச்சமாகும். துளையிட்ட ஒரு அடி நீளக் குழாயை வயலில் பாதிக்கு மேல் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் அடுத்த தண்ணீர் விட்டால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் மட்டும் காயவிடக் கூடாது. முறைப் பாசனத்தில் இருப்பவர்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் வரும் நாளைப் பொறுத்துத்தான் இது முடியும். கிணறு உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது குழாயில் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கண்மாய்க் கணக்கைப் படிக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.