குந்துறது விளையாட்டில்லை

உங்கட அம்மம்மா கடைசியா எப்ப சொக்ஸ் போட்டவ?

பகிடிக்குக் கேக்கேல்ல. முழங்கால் மூட்டுத் தேய்வுக்குக் குடுக்கிற ஒரு மருந்து, ஒரு ஊசி, ஒரு பயிற்சி வேலை செய்யுதோ இல்லையோ எண்டு உலகத்துப் பெரிய ஆய்வுகள் தீர்ப்புச் சொல்லுறது இப்பிடியான கேள்விகளுக்கு வாற பதில்களைக் கூட்டித்தான். அதற்கு மிகப் பரவலாகப் பாவிக்கப்படுகிற வினாக்கொத்துகளில் ஒன்றின் பெயர் வோமாக். 1980களில் கனடாவில் நிக்கலஸ் பெலமி என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கினது. மொத்தம் 24 கேள்விகள்: வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட வேலைகளுக்கு 17. அந்தப் பதினேழில் சொக்ஸுக்கு மட்டும் இரண்டு. போடேக்க எவ்வளவு கஷ்டம், கழட்டேக்க எவ்வளவு கஷ்டம். காரில் ஏறி இறங்க ஒன்று. குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற ஒன்று. மாடிப்படி ஏற ஒன்று, இறங்க ஒன்று. வலிப் பகுதியிலும் மாடிப்படி இன்னொருக்கா வருகுது.

குந்தி இருக்க எவ்வளவு கஷ்டம்? அப்பிடி ஒரு கேள்வி இல்லை. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து எழும்ப? இல்லை. முழந்தாளிட? இல்லை.

நான் கலைப்பீடம். குருத்தெலும்பைப் பற்றி ஆருக்கும் வகுப்பெடுக்கிற தகுதி எனக்கில்லை. ஆனா வினாக்கொத்து எங்கட பாடம். ஆய்வு முறையியலில் முதல் சொல்லித் தாறதே, பதில் சொல்லுற ஆளின்ர வாழ்க்கையில இல்லாததைக் கேட்டா வாற எண்ணுக்கு அர்த்தமில்லை எண்டுதான்.

இலுப்பைக்கடவைக்கு வாங்கோ. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போற ஏ32 வீதியில, ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் கடல். குளியல் தொட்டி தேடிப் பாருங்கோ. மேல்மாடி வீடு எத்தினை எண்டு எண்ணிப் பாருங்கோ. பிறகு ஒரு அம்மான்ர நாளைப் பாருங்கோ. காலமை குந்துற மலசலகூடம். கிணத்தடியில குந்தி இருந்து உடுப்புத் தோய்க்கிறா. திருவலையில இருந்து தேங்காய் துருவுறா. களை பிடுங்கப் போனா குந்தினபடியே வயல் முழுக்க நகருறா. கரையில எண்டா, வலையில இருந்து மீனையும் நண்டையும் மணலில இருந்துதான் கழட்டுறா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில முழந்தாளிடுறா. பக்கத்து ஊர்ப் பெண் பள்ளிவாசல் பக்கமெண்டா, ஒரு நாளைக்கு ஐந்து தரம் நெற்றி நிலத்தில பட வேணும். இந்த வேலைகளில் ஒன்றுகூட அந்த 24 கேள்விக்குள் நேரடியாக இல்லை. நியாயத்துக்குச் சொல்லவேணும், ‘நிலத்துக்குக் குனிதல்’ என்று ஒன்று இருக்கு. மலசலகூடம் பற்றியும் ஒன்று இருக்கு, ஆனா அது கொமட்டில் இருந்து எழும்புற ஆளை மனசில வச்சுக் கேட்டது.

இதைவிடப் பெரிய பகிடி 1998இல் வந்தது. சுவீடனின் ஏவா ரூஸ் குழு கூஸ் எண்டொரு வினாக்கொத்தை வெளியிட்டது. வோமாக்கின் கேள்விகளையும் உள்ளே வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்தது. அதில குந்துறது வருகுது, முழந்தாளிடுறதும் வருகுது. எந்தத் தலைப்புக்குக் கீழ தெரியுமோ? ‘விளையாட்டும் பொழுதுபோக்கும்’. ஓடுறது, துள்ளுறது, காலை ஊன்றித் திரும்புறது, இவையோட சேர்த்து. விளையாட்டில காயப்பட்ட இளம் ஆக்களையும் மனசில வச்சுச் செய்ததால அவைக்கு அது சரி. எங்கட பக்கம் அதைக் கொண்டுவந்தா, களை பிடுங்கிற அம்மா பொழுதுபோக்குக்குக் குந்துறா எண்டாகுது.

குந்துறது ஆராய்ச்சியாளருக்குத் தெரியாத விஷயம் எண்டு நினைக்காதேங்கோ. நல்லாத் தெரியும். 2001இல் பெய்ஜிங்கின் வயதான பெண்களையும் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் பெண்களையும் ஒப்பிட்டார்கள். பெய்ஜிங் பெண்கள் மெலிஞ்சவர்கள், ஆனாலும் முழங்கால் தேய்வு அவர்களுக்குத்தான் கூட. 25 வயதில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குந்தி இருந்தீர்கள் எண்டு கேட்டு, 2004இல் அதையும் வெளியிட்டார்கள்: கூட நேரம் குந்தினவர்களிடம் தேய்வு கூட. ஆக, நோய்க்குக் காரணம் தேடேக்க குந்துறது பட்டியலில இருக்கு. சுகம் வந்திட்டுதோ எண்டு பாக்கேக்க பட்டியலில இல்லை. குற்றவாளிக் கூண்டில ஏத்த மட்டும் எங்கட முழங்கால் தேவைப்படுது.

எனக்குக் கோவம் வாற இடம் இதுதான். ஏனெண்டா கிளினிக்கில வாற அறிவுரை இந்தப் பாதிப் பட்டியலில இருந்துதான் வருகுது. “குந்தாதேங்கோ, நிலத்தில இருக்காதேங்கோ, கொமட் பாவியுங்கோ.” சரி. களை பிடுங்காமல் விட்ட நாளுக்குக் கூலி ஆர் தாறது? அறிவுரையில பிழையில்லை, ஆனா அது சம்பளம் வாற ஆளுக்குச் சொன்ன அறிவுரை. “உங்களை நாளைக்கும் குந்தி எழும்ப வைக்கிறதுக்கு என்ன செய்யலாம்” எண்டது வேற கேள்வி. அந்தக் கேள்வியை ஆய்வு கேட்டால்தான் வைத்தியரிடம் பதில் இருக்கும்.

ஆய்வே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. மறுதலையா. கனடாவில இருந்து மாமா அனுப்புற குளுக்கோசமின் போத்தல் எங்கட எத்தினை வீட்டு அலுமாரியில இருக்கு! 2006இல் அமெரிக்காவில் 1583 பேரை வைத்து 24 வாரம் செய்த ஆய்வில், குளுக்கோசமினும் கொண்ட்ரொயிட்டினும் மொத்தத்தில் போலி மாத்திரையைவிட ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அதை அளந்ததும் வோமாக்கின் வலிக் கேள்விகள்தான். வலி எங்கேயும் வலிதான், அந்த முடிவை நான் ஏற்கிறன். அந்தப் போத்தல் காசுக்கு மீன் வாங்கலாம். 2017இல் 140 பேரை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருக்கா, இரண்டு வருடம், முழங்காலுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டுப் பார்த்தார்கள். உப்புத்தண்ணி ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடத் தேய்ந்தது. 2020இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் 156 பேரைப் பார்த்தபோது, ஒரு வருட முடிவில் ஊசியைவிட இயன்மருத்துவப் பயிற்சி மேல். இதெல்லாம் எங்கட ஆக்களுக்குத் தமிழில போய்ச் சேரவேண்டிய செய்தி.

ஆனா வலி குறையிறதும் வேலை செய்ய ஏலுறதும் ஒண்டில்லை. குந்தினா முழங்கால் 111 பாகையில் இருந்து 165 பாகை வரைக்கும் மடங்கவேணும் எண்டு 2001இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. கதிரையில இருந்து எழும்ப அவ்வளவு தேவையில்லை. ஒரு சிகிச்சை 100 பாகை மட்டும் நல்லா மடக்க விட்டுதெண்டா கதிரைக்காரருக்குப் புள்ளி ஏறும். இலுப்பைக்கடவை அம்மாவும் தாளில அதே புள்ளியோட வீட்டுக்கு வருவா, வயலுக்குப் போக மாட்டா.

ஆரை வைச்சு அளக்கினம் எண்டதும் இருக்கு. 2024இல் பெரிதாகப் பேசப்பட்ட செமக்ளூட்டைட் ஊசி ஆய்வில் 407 பேர். 100 புள்ளி அளவில் வலி 41.7 குறைஞ்சுது, போலி ஊசிக்கு 27.5. நல்ல விஷயம். ஆனா சேர வேணுமெண்டா உடற்திணிவுச் சுட்டி 30 அல்லது அதுக்கு மேல இருக்கவேணும். வெயிலில காய்ஞ்சு, ஒட்டி உலர்ந்து, முழங்கால் மட்டும் வீங்கின பெண் அந்த வாசலைத் தாண்டவே ஏலாது.

‘உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இருந்தால்தானே ஒப்பிடலாம்?’ எண்டு கேப்பினம். ஒப்பிடுங்கோ, 24 கேள்வியையும் வச்சிருங்கோ, அதோட நாலு கேள்வி சேத்தா அளவுகோல் உடைஞ்சா போகும்? இதைப் புனேயில் செய்து காட்டியிருக்கினம். அங்கத்தைய வாத நோய் மையத்தில் அரவிந்த் சோப்ராவும் குழுவும் பிக்வான் கிராமத்தில் 1996இல் இருந்து வீடு வீடாக மூட்டு வலியைப் பதிந்தவர்கள். மருந்துகளைச் சோதிக்கேக்க வோமாக்கை அப்பிடியே தூக்கி வைக்காமல் இந்திய வாழ்க்கைக்கு ஏற்றமாதிரி, குந்துறதையும் நிலத்தில இருக்கிறதையும் சேர்த்து மாற்றிப் பாவித்தார்கள்.

சும்மா மொழிபெயர்த்தாப் போதாது. சொக்ஸை ‘காலுறை’ எண்டு நல்ல தமிழில எழுதினாலும் அம்மம்மாட்ட அது இல்லைத்தானே.

இலங்கையில மருத்துவப் பரிசோதனை செய்யிற ஆக்கள் பதிவதற்கு 2006இல் இருந்து எங்களுக்கெண்டு ஒரு பதிவேடு இருக்கு. எதை அளக்கப் போகினம் எண்டு தொடங்க முதலே அதில எழுதவேணும். முழங்காலுக்கு ஒரு ஆய்வைப் பதியிற எவரும், வடக்கிலயோ தெற்கிலயோ, குந்தி எழும்புறதையும் அந்த இடத்தில எழுதவேணும் எண்டுதான் நான் கேக்கிறன். தெற்கில நெல்லு விதைக்கிற அம்மாவும் கதிரையில இருந்து களை பிடுங்கிறேல்ல.

மருத்துவ பீடத்து ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா: வினாக்கொத்து வரையிற வேலையை எங்களிட்டத் தாங்கோ. என்ர கையில இப்ப இருக்கிறது இவ்வளவும். களை பிடுங்க எவ்வளவு நேரம் தொடர்ந்து குந்தி இருக்க ஏலும்? எழும்பேக்க கை ஊன்றவேணுமோ, ஆரும் தூக்கிவிட வேணுமோ? மலசலகூடத்தில சுவரைப் பிடிக்கிறீங்களோ? நண்டு கழட்டி முடிய எழும்பி நடக்க எவ்வளவு நேரம் செல்லும்? வலியால போன மாதம் எத்தினை நாள் கூலி போனது? களவேலைக்கு ஏ32 பஸ்ஸிலயே போவம். மிதிபலகை நல்ல உயரம், அதையும் ஒரு கேள்வியாப் போடலாம்.