சிப்பியில் தொடங்கட்டும் புள்ளியியல்



கல்லூரி முதலாண்டுக்குப் புள்ளியியல் பாடநூல் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் மகளின் புத்தகத்தில் கூறெடுப்பு என்றாலே பைக்குள் சிவப்பு, நீலப் பந்துகள்தான். நம் தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்புக்கு முன்பே, சிப்பிகள் வாழும் கடலடிப் பார்களில் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று கணித்தார்கள். இதைவிட நல்ல பாடம் ஏது? பெரும்பாலான சிப்பிகளில் நல்ல முத்தே இராது. ஒரே ஒரு பெரிய முத்து சராசரியைத் தூக்கிவிடும், இடைநிலையோ பூஜ்யத்திலேயே நிற்கும். இதைச் சொன்னதும் மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நிரூபணங்கள் நிறைந்த குப்தா–கபூர் புள்ளியியல் நூல் பின்னால் அவசியம் வேண்டும். முதல் நூலாக வேண்டாம். மீன்வளக் கல்லூரி இதே ஊரில்தான் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களையும் கலந்து, நம் கடற்கரைக் கணக்குகளோடு தமிழில் ஒரு நூல் எழுதச் செய்யுங்கள்.

ஒரு வாசகர்,
தூத்துக்குடி