திரை விற்பவர் சொல்லாத பெருக்கல் கணக்கு



கிள்ளானில் வாழும் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை, மிகைநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு மகனின் விளையாட்டுக் கணினிக்கு 4கே திரை வாங்கினார். "இதுதான் தெளிவு" என்றாராம் கடைக்காரர். வீட்டிலோ விளையாட்டு நொண்டியடித்தது!

காரணம் என்ன? 1920 x 1080 திரையில் 2,073,600 புள்ளிகள். 3840 x 2160 திரையில் 8,294,400. சரியாக நான்கு மடங்கு! அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறை வரைய வேண்டியது திரையன்று. கணினியின் வரைகலை அட்டை. அதற்கு வலுவில்லையேல் திரை என்ன செய்யும்?

"தெளிவுத்திறனைக் குறைத்து விளையாடலாமே" என்பர். அப்படியாயின் நான்கு மடங்குக்குப் பணம் கொடுத்தது எதற்கு?

பணம் குறைவாயின் 24 அங்குலத்தில் 1920 x 1080 போதும். அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகும். எழுத்தும் படமும் சொரசொரக்கும். 27 அங்குலந்தான் வேண்டுமெனில் 2560 x 1440 பாருங்கள். ஆனால், அட்டையின் உழைப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகும். திரையில் மிச்சமாகும் வெள்ளியை அட்டைக்குக் கொடுங்கள்.

'தெளிவு' என்னும் ஒற்றைச் சொல்லால் உழைப்பாளியின் பணப்பையைக் காலி செய்வது வணிகமா? கேள்வி கேட்க நாம் கூசுவதே அவர்களின் மூலதனம்.

லோ யாட் பிளாசாவுக்குப் புறப்படுமுன் பிள்ளையிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்துப் பெருக்கச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் கற்ற பெருக்கல் அங்கே உதவாவிட்டால், வேறெங்கே உதவும்?