டிஷ்ஷுக்காக மாமரத்தை வெட்ட வேண்டுமா?

கேள்வி: "பல வருடமாக மாதக் கட்டணம் கட்டி டி.டி.ஹெச். இணைப்பு வைத்திருந்தோம். செலவைக் குறைக்க டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாற முடிவு செய்து, புது பாக்ஸும் டிஷ்ஷும் வாங்கிவிட்டோம். பொருத்த வந்தவர், 'தென்கிழக்கே இருக்கிற மாமரம் மறைக்கிறது, ஒரு பக்கக் கிளைகளை முழுசாகக் கழித்தால்தான் சிக்னல் வரும்' என்கிறார். நன்றாகக் காய்க்கிற மரம். மாடி 11 அடி, மரம் 30 அடி உயரம். டிஷ் கம்பத்துக்கும் கிளை நுனிக்கும் 15 அடி இடைவெளி இருக்கிறது. பழைய டிஷ் இதே இடத்தில் ஒழுங்காகத்தானே ஓடியது?"
- வாசகர், ஊத்துக்கோட்டை.

பதில்: அரிவாளை எடுக்க வேண்டாம். சொல்லியிருக்கும் அளவுகள் சரியென்றால், இந்த மாமரம் ஃப்ரீ டிஷ்ஷை மறைக்காது.

பழைய டிஷ் ஓடியதற்கும் இப்போது சந்தேகம் வந்ததற்கும் காரணம் ஒன்றுதான். இரண்டும் வேறு வேறு செயற்கைக்கோள்களைப் பார்க்கின்றன. டி.வி. செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஆளுக்கொரு இடத்தில் நிற்கின்றன. ஜிசாட்-10 நிற்பது 83 டிகிரி கிழக்கில். ஊத்துக்கோட்டை இருப்பது ஏறக்குறைய 80 டிகிரியில். அதனால் ஜிசாட்-10-ஐப் பார்க்கும் டிஷ் கிட்டத்தட்ட தெற்கு நோக்கியே இருக்கும். ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரியில் உள்ள ஜிசாட்-15-லிருந்து. அதற்கு டிஷ்ஷைச் சரியாகத் தென்கிழக்குக்குத் திருப்ப வேண்டும். இதுவரை பார்வையிலேயே படாமல் ஓரமாக நின்ற மரம், இப்போது எதிரே நிற்பதுபோல் தெரிகிறது. (ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் வடகிழக்கே ஏறுவதைப் பார்த்துப் பழகிய ஊர் அது. ஆனால் ஜிசாட்-15 அங்கிருந்து போனதில்லை. 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது.)

திசையைவிட முக்கியம் உயரக் கோணம். பலரும் தவறுவது இங்கேதான். ஊத்துக்கோட்டையில் நின்று பார்த்தால் ஜிசாட்-15 தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். முற்பகல் 11 மணிச் சூரியன் மாதிரி, ஏறக்குறைய உச்சியில். டெல்லியில் இதே செயற்கைக்கோள் 52 டிகிரியில்தான் தெரியும். அங்கே மறைக்கிற மரம் இங்கே மறைக்காமல் போகலாம்.

டிஷ்ஷின் தோற்றமும் ஏமாற்றும். வீடுகளில் வைக்கும் டிஷ் நடுவில் குழிந்து நேராக வாங்கும் வகை அல்ல. தட்டு பார்க்கும் திசைக்குச் சுமார் 25 டிகிரி மேலே இருந்துதான் அது சிக்னலை வாங்குகிறது; எல்.என்.பி. கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பது அதனால்தான். தட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கிறவருக்கு அது மாமரத்தின் நடு உச்சியைக் குறிபார்ப்பதுபோலத் தோன்றும். உண்மையில் சிக்னல் மரத்தின் தலைக்கு மேலாக வந்து இறங்கிக்கொண்டிருக்கும். எதிரே மரத்தைப் பார்த்ததும் 'வெட்டுங்கள்' என்று சொல்வது இப்படித்தான் நடக்கிறது.

கணக்கு எளிது. மரம் டிஷ்ஷைவிட எத்தனை அடி உயரமோ, அதை இரண்டரையால் வகுக்க வேண்டும். அத்தனை அடி இடைவெளி இருந்தால் போதும். இந்த மரம் 30 அடி, மாடி 11 அடி. மிச்சம் 19 அடி. வகுத்தால் 8 அடிக்குள். காற்றில் ஆடுவதற்கும் வருங்காலத் துளிர்ப்புக்கும் 3 அடி சேர்த்தாலும் 11 அடிதான் தேவை. இருப்பதோ 15 அடி. 50 அடித் தென்னையாக இருந்தால், ஓலை நுனியிலிருந்து 16 அடி தள்ளி வைக்க வேண்டும். அது ஓங்கிக்கொண்டே போகும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுவது நல்லது.

இந்தக் கணக்கு ஃப்ரீ டிஷ்ஷுக்கு மட்டும். 108 டிகிரியில் உள்ள செயற்கைக்கோளை நம்பும் சேவை என்றால் கோணம் 54 டிகிரிக்கு இறங்கிவிடும். அதற்கு இதே மாமரம் 14 அடி இடைவெளி கேட்கும்.

கணக்கை நம்பாதவர்கள் கண்ணால் பார்த்துவிடலாம். டிஷ் வைக்கப்போகும் இடத்தில் தரையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து தென்கிழக்கே 2 அடி தள்ளி, 5 அடிக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். புள்ளியிலிருந்து குச்சியின் நுனிக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினால், நூல் போகிற திசையில்தான் ஜிசாட்-15 இருக்கிறது. அந்த நூலோடு கண்ணை ஓட்டிப் பார்க்கையில் வெறும் வானம் தெரிந்தால் கவலையில்லை. இலையோ கிளையோ குறுக்கிட்டால் புள்ளியை நாலடி நகர்த்திப் பார்க்கலாம். திசை பார்க்க செல்போன் திசைகாட்டி போதும். இரும்புக் கம்பம், தகரக் கூரை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் அது பொய் சொல்லும். உச்சி வெயிலில் இந்த வேலை வேண்டாம், கண்ணுக்குக் கெடுதல்.

சூரியனே சோதித்துச் சொல்லும் நாட்களும் உண்டு. மார்ச் 15-ஐ ஒட்டி முற்பகல் 11.15 மணி வாக்கிலும், செப்டம்பர் 29-ஐ ஒட்டி 11 மணி வாக்கிலும் சூரியன் ஜிசாட்-15-க்கு நேர் பின்னால் வரும். சில நிமிடம் படம் தடுமாறுவதும் அதனால்தான். அந்த நேரத்தில் டிஷ் முழுவதும் வெயிலில் இருந்தால் பாதை திறந்திருக்கிறது. மர நிழல் விழுந்தால் சிக்னலுக்கும் அதே மரம்தான் குறுக்கே நிற்கிறது.

ஏற்கெனவே டிஷ் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில், காற்றடிக்கும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைந்தாலோ, மழை விட்ட பிறகும் இலை காயும்வரை வராமல் இருந்தாலோ மரத்தைச் சந்தேகிக்கலாம். ஈர இலை சிக்னலை நன்றாகவே தடுக்கும். கனமழை பெய்யும்போது மட்டும் நின்று, பிறகு தானே வந்தால் அது மழையின் வேலை. மரத்தின் மேல் பழி இல்லை.

ஒருவேளை கிளை குறுக்கிட்டு, டிஷ்ஷை நகர்த்தவும் இடமில்லை என்றால், அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்யும்போது அந்த ஒரு கிளையை எடுத்தால் போதும். ஒரு பக்கத்தை மொட்டையடித்தால் காய்ப்பும் போகும், அடுத்த துளிர்ப்பில் மறைப்பும் திரும்ப வரும்.

டிஷ் பொருத்த வருகிறவரிடம், மாடியில் துளை போடுவதற்கு முன்பே டிஷ்ஷைக் கையில் பிடித்துத் திருப்பச் சொல்லி, கீழே டி.வி.யில் சிக்னல் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். புதிய இடம் மின்கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.